பெட்டி கட்டிய நாடகம்

மேற்கு ரயில் பாதையின் கதை – 17

ஐ.டி. அலுவலகக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஆங்கில வாசகம் ஒன்று உண்டு: ‘லெட்ஸ் கெட் த ஷோ ஆன் த ரோடு’. பேசியது போதும், காரியத்தில் இறங்குவோம் என்பது இன்றைய பொருள். அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்த சர்க்கஸ்காரர்களும் நாடகக்காரர்களும் புழங்கிய பேச்சு அது. சாமானைக் கட்டு, ஆட்டத்தை அடுத்த ஊருக்குக் கிளப்பு என்று அவர்கள் சொன்னது, பிறகு எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகிவிட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. இனி அந்த வாசகம் நம் ஊரிலும் புழங்கும். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருளை அப்படியே வாழ்ந்து காட்டிய தமிழர்கள், நூறு வருடங்களுக்கு முன்பே இந்த ஊர் வழியாக ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் அவர்கள் கதை.

தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்கு 1856 ஜூலை 1 நினைவிருக்கும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறந்த நாள். அந்தப் பாதைதான் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று மேற்கே ஓடுகிறது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு, சேலம், ஈரோடு, கோவைப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வருபவர்கள் எல்லாருக்கும் இதுதான் வாசல். மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூருக்கு வந்தார்கள். நம் பாதை அகலப் பாதை. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற வேண்டுமானால், இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் அத்தனை சாமான்களையும் இறக்கி, மறு வண்டியில் ஏற்ற வேண்டும். கையில் ஒரு பெட்டியோடு போகிறவனுக்கு அது சின்னத் தொல்லை. மர மாளிகையும் படுதாவும் சிம்மாசனமுமாகப் போகிற நாடகக் கம்பெனிக்கு ஒரு நாள் கூலி.

ரயில் வருவதற்கு முன்னாலும் ஆட்டக்காரர்கள் நடமாடத்தான் செய்தார்கள். தொண்டை மண்டலத்தின் கலை தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துவிட்டால், சொன்ன நாளில் கூத்துப் பெட்டி ஊருக்கு வந்து இறங்கும். மாட்டு வண்டி கிடைத்தால் வண்டியில்; இல்லாவிட்டால் தலைச் சுமையாக. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். கர்ணனின் கிரீடமும் புஜகீர்த்தியும் பார்வைக்குப் பொன்மலை மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை அவை. ராத்திரி முழுக்கத் தலையிலும் தோளிலும் கட்டிக்கொண்டு சுழன்று ஆடவேண்டும், விடிந்ததும் அடுத்த ஊருக்குச் சுமந்து போகவேண்டும். இரண்டுக்கும் தோதான மரம் அது. மேடை கிடையாது, படுதா கிடையாது. இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரை, ஒரு களரி, ஒரு கட்டியங்காரன். நடந்து போகும் கலை தனக்கு வேண்டாத எல்லாவற்றையும் கழித்துவிட்டது.

ரயில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. இனி கனமான சாமானையும் கொண்டுபோகலாம். பம்பாய்ப் பக்கத்துப் பார்சிக் கம்பெனிகளும் மராத்திக் கம்பெனிகளும் வரைந்த படுதாக்களோடும் தந்திரக் காட்சிகளோடும் தெற்கே வந்தன. தஞ்சாவூரில் கோவிந்தசாமி ராவ் அதே பாணியில் தமிழில் கம்பெனி நடத்தினார். பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டதைப் பார்த்து, பதினெட்டு வயதுப் பம்மல் சம்பந்தம் தமிழிலும் இப்படிச் செய்யவேண்டும் என்று கிளம்பினார். 1891-ல் சுகுண விலாச சபை பிறந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆர்வத்துக்காக நடித்த சபை அது. நம் கதை அவர்களைப் பற்றியதல்ல. சோற்றுக்கே நாடகத்தை நம்பி, வீடு வாசல் இல்லாமல் முகாமிலிருந்து முகாமுக்குப் போனவர்களைப் பற்றியது.

ஒரு கம்பெனி ஊருக்கு வருவது எப்படி என்று பார்ப்போம். முதலில் மானேஜரோ ஏஜெண்டோ தனியாக வந்து கொட்டகை பேசுவார். கொட்டகை இல்லாத ஊரில் கீற்றும் மூங்கிலுமாகப் புதிதாய்ப் போடவேண்டும். சில ஊர்களில் ஒரு கண்ட்ராக்டர் மொத்தமாகப் பேசிக்கொண்டு, லாப நஷ்டம் தன்னுடையது என்பார். நடிகர்கள் எல்லாரும் சேர்ந்து தங்க ஒரு பெரிய வீடு பிடிப்பார்கள். அதற்குப் பெயர் கம்பெனி வீடு. சமையல்காரர் முன்னதாகவே வந்து அடுப்பு மூட்டுவார். பிறகு ரயிலில் பெட்டிகள் வரும்: சீன் பெட்டி, உடுப்புப் பெட்டி, ஆர்மோனியம், மத்தளம். பேண்டு முழங்க வண்டி ஒன்று தெருத் தெருவாகப் போய் நோட்டீஸ் வீசும். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று டிக்கெட் பிரியும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஒரே ஊரில் மாதக்கணக்கில் தங்கவேண்டியிருப்பதால் ஒரு நாடகம் போதாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, லவகுசா என்று வரிசையாக வைத்திருக்கவேண்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் ஒவ்வொருவரும் அத்தனை நாடகத்திலும் தம் பாடத்தை நெட்டுருப் போட்டிருக்கவேண்டும்.

வசூல் இருக்கும் வரை முகாம். வசூல் விழுந்தால் பெட்டி கட்டவேண்டியதுதான். கஷ்டம் என்னவென்றால், வசூல் விழுந்த நேரத்தில்தான் ரயில் கட்டணத்துக்கும் பணம் இருக்காது. மளிகைக் கடன், கொட்டகை வாடகை பாக்கி என்று ஊர் கம்பெனியைப் பிடித்து நிறுத்தும். சீனையும் நகையையும் அடகு வைத்து ஊரை விட்டுக் கிளம்பிய கம்பெனிகள் உண்டு. கிளம்ப முடியாமல் அங்கேயே கலைந்துபோன கம்பெனிகளும் உண்டு. ‘கம்பெனி உடைந்துவிட்டது’ என்று பழைய நடிகர்கள் சொல்வது இதைத்தான்.

இப்படி அலைகிற வாழ்க்கைதான் பாய்ஸ் கம்பெனி என்ற விநோதத்தையும் உண்டாக்கியது. நடு முகாமில் ராஜபார்ட் நடிகர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், முன்பின் தெரியாத ஊரில் மாற்று ஆளுக்கு எங்கே போவது? பெரியவர்கள் கண்டபடி வசனத்தை இழுத்தார்கள், பாடம் கேட்க மறுத்தார்கள், குடித்தார்கள். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திச் சலித்துப்போய், சிறுவர்களைப் பழக்கத் தொடங்கினார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. ஜெகந்நாதய்யரின் கம்பெனியிலிருந்து நவாப் ராஜமாணிக்கமும் எம்.ஆர். ராதாவும் வந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் வந்தார்கள். சிவாஜி கணேசன் ஏழெட்டு வயதில் வீட்டை விட்டு வந்து கம்பெனியில் சேர்ந்தவர். தமிழ்த் திரையின் முதல் இரண்டு தலைமுறைகளை வளர்த்தவை இந்தக் கம்பெனி வீடுகளே.

இதைப் பெருமையாகச் சொல்கிற நேரத்தில் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் குழந்தைகள். வீட்டில் சோறில்லாததால் வந்தவர்கள் பலர். பகலில் பாடம், ராத்திரியில் நாடகம், தப்பினால் பிரம்படி. வருடக்கணக்கில் ஒப்பந்தம், அம்மாவைப் பார்க்க எப்போதாவது ஒருமுறை. குரல் உடையும் பருவத்தை அவர்கள் மகரக்கட்டு என்பார்கள். அது வந்ததும் நேற்று வரை ராஜபார்ட் போட்ட பையன் ஓரத்துக்குப் போவான். எம்.ஜி.ஆருக்கும் அந்த நிலை வந்தது. பிழைத்து வந்து பெயர் எடுத்தவர்களின் கதைகள் நமக்குத் தெரியும். ஏதோ ஒரு முகாமில் காய்ச்சலில் படுத்து, ஏதோ ஒரு ஊரில் விடப்பட்ட பையன்களின் பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை. பாய்ஸ் கம்பெனிகளைத் தமிழ் நாடகத்தின் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

சுவாமிகளின் முடிவும் வழியில்தான் நேர்ந்தது. சிறுவன் சண்முகத்துக்காக ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்த கை அது. கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கி, பேச்சு போய்விட்டது. ஆனாலும் சபையைவிட்டு அவர் பிரியவில்லை. முகாம் எங்கேயோ அங்கே அவரும் இருந்தார். புதுச்சேரி முகாமில், 1922 நவம்பர் 13-ஆம் தேதி இறந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. பிறந்த ஊர் எங்கோ, மண் எங்கோ. அவர் மறைந்து மூன்று ஆண்டுக்குள் டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் திருவனந்தபுரத்தில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். தமிழ்நாடு முழுவதும் அவர்கள் போகாத ஊர் குறைவு. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யை யாராவது புரட்டினால், அது ஒரு ரயில் கால அட்டவணை போலவே ஊர் ஊராக நகர்வதைக் காணலாம்.

ரயிலும் நாடகமும் எவ்வளவு நெருங்கிப் பழகின என்பதற்கு மூன்று பேரைச் சொல்லவேண்டும்.

முதலாமவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தியவர். மற்றக் கம்பெனிகள் ரயிலேறி ரசிகர்களைத் தேடிப் போனபோது, பாலாமணியைத் தேடி ரசிகர்கள் ரயிலேறினார்கள். அவர் நாடகம் பார்க்கக் கும்பகோணத்துக்கு வருபவர்களுக்காக மாயவரம், திருச்சிப் பக்கங்களிலிருந்து தனி வண்டிகள் விடப்பட்டன என்றும், அவற்றுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் வந்தது என்றும் நாடக வரலாறுகள் சொல்கின்றன. ஒரு நடிகையின் பெயரால் ஊர் ரயிலை அழைத்த காலம் அது.

இரண்டாமவர் கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அந்தக் குரலைக் கேட்டு அவரை நாடகத்தில் சேர்த்துவிட்டவர் எப்.ஜி. நடேச ஐயர் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, தாமே நடிகரும்கூட. திருச்சி ரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாள், தனுஷ்கோடி வழியாகக் கடல் தாண்டிக் கொழும்புவரை போனார். செங்கோட்டை கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து நடித்த கதையும் இலங்கையில்தான் தொடங்குகிறது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தமிழ் நாடகத்துக்கு இலங்கை பக்கத்து ஜில்லா மாதிரி ஆகிவிட்டது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறிய கம்பெனிகளும் உண்டு. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் 1924-25-ல் நடந்த வெம்பிளிப் பொருட்காட்சிக்காக லண்டனுக்கே தம் குழுவை அழைத்துப் போனார்.

மூன்றாமவர் நாடகத்துக்குப் போட்டியை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு வந்தவர். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் படம் வரையும் வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமாக் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தையும் கருவியையும் சுமந்துகொண்டு தென்னாட்டில் தொடங்கி லாகூர், பெஷாவர் வரை போய்ப் படம் காட்டினார். டூரிங் டாக்கீஸ் என்று பிறகு நம் கிராமங்களுக்கெல்லாம் வந்ததற்கு அவரே முன்னோடி. நடேச ஐயரும் வின்சென்ட்டும் ஒரே ரயில்வேயின் ஆட்கள், இருவருக்கும் திருச்சியோடு தொடர்பு. ஒருவர் மேடைக்குக் குரல் கொடுத்தார்; மற்றவர் மேடையின் ரசிகர்களைத் திரைக்கு அழைத்துப் போனார்.

இனி நம் பாதையின் கிழக்குக் கோடிக்கு வருவோம். சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் பக்கவாட்டில் வால்டாக்ஸ் ரோடு. அங்கே இருந்தது ஒற்றைவாடை தியேட்டர். வெளியூர்க் கம்பெனிகள் சென்னைக்கு வந்தால் முகாம் போட்ட இடம். கம்பெனிக்காரர்களுக்கு வசதி: ரயிலிலிருந்து இறக்கிய பெட்டிகளைக் கைவண்டியிலேயே கொண்டு சேர்க்கலாம். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கத்து ஆட்களுக்கும் வசதி: ராத்திரி வண்டியில் போய், விடிய விடிய நாடகம் பார்த்து, காலை முதல் வண்டியில் திரும்பிவிடலாம். மெயில் வண்டிகள் நம் ஊரில் நிற்பதில்லை. எந்தப் பெரிய கம்பெனியும் இங்கே இறங்கிக் கொட்டகை போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பட்டணம் கூப்பிடு தூரம். அதனால் நம் பகுதிக்குப் பழைய கூத்தும், பட்டணத்துக் கம்பெனி நாடகமும் இரண்டுமே கிடைத்தன. திருவிழாவில் களரி, ரயிலேறினால் கொட்டகை.

சென்னை ராயல் தியேட்டரில் 1940 டிசம்பர் 31-ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. அன்று வள்ளி திருமணம். முருகனாக வேடமிட்டிருந்தவர் எஸ்.எஸ். விசுவநாத தாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டுப் பாடுவார். கொட்டகையில் ஜனங்கள் ஆர்ப்பரிப்பார்கள். மேடைக்குப் பக்கத்தில் போலீஸ் காத்திருக்கும். ஒரு ஊரில் வழக்குப் போட்டால் ஜாமீனில் வந்து அடுத்த ஊரில் அதே பாட்டைப் பாடுவார். வ.உ.சி. அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியிருக்கிறார். உடம்பு தளர்ந்து, கடன் நெருக்கிய நிலையில் சென்னைக்கு நாடகம் போட வந்தவர், அன்றிரவு மயில் மீது முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. காந்தி யுகத்து அரசியலைச் செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்கு எடுத்துப் போனதில், மேடைப் பேச்சாளர்களுக்குச் சமமான பங்கு இந்த நடிகர்களுக்கு உண்டு. பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார். கம்பெனியோ ஊரில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும், பாட்டு ஜனங்கள் வாயில் ஏறிய பிறகே கிளம்பும்.

அதற்குள் சினிமா பேசத் தொடங்கியிருந்தது. 1931-ல் ‘காளிதாஸ்’. கம்பெனிகளின் நாடகங்களே படங்களாயின. 1935-ல் ‘மேனகா’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்களே நடித்தார்கள். நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கீஸ் ஆயின. ஐம்பது பேரையும் ஐம்பது பெட்டிகளையும் ஏற்றி இறக்குவதைவிட ஒரு ரீல் பெட்டியை அனுப்புவது சுலபம். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியாலும் ஜெயிக்க முடியவில்லை. போர்க்கால நெருக்கடி வேறு. இருந்தும் சிலர் விடவில்லை. நவாப் ராஜமாணிக்கம் பிரம்மாண்டக் காட்சிகளோடு ஊர் ஊராகப் போனார்; அவருடைய ஐயப்பன் நாடகம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சபரிமலை பக்தி பரவ உதவியது. எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ ஊரெங்கும் ஓடியது. அவருடைய ராமாயண நாடகத்தால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ செட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ரயிலின் இடத்தை லாரியும் வேனும் பிடித்தன.

இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், மூன்றாவது ஊரிலிருந்து பபூன். அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால்தான் சந்திப்பார்கள், ராத்திரி சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தைப் பிசிறில்லாமல் நடத்திக் காட்டுவார்கள். ஒத்திகை தேவையில்லை, நூறு வருடப் பாடம் எல்லாருக்கும் பொது. நம் பக்கத்தில் கூத்துக்காரர்கள் வேனில் வருகிறார்கள். இப்படிப் பயணப்படும் கலைஞர்களுக்கு ரயில்வே கட்டணச் சலுகை கொடுத்துவந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட சலுகைகளில் அதுவும் ஒன்று. அதை உடனே திரும்பக் கொடுக்கவேண்டும். தமிழ் நாடகம் இந்தத் தண்டவாளங்களுக்குக் கொடுத்த கட்டணத்தை நினைத்தால், கேட்பது பெரிய தொகையல்ல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர்ப் பக்கத்தில் உங்கள் தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய நாடக நோட்டீஸோ, காலணா பாட்டுப் புத்தகமோ, கூத்துப் பெட்டியின் கட்டை ஆபரணமோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட நோட்டீஸ்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, அங்கே காட்டுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கம்பெனி என்று தெரியும் ஒரு துண்டுக் காகிதம் போதும்.

அடுத்த வாரம்: பட்டாபிராம் ராணுவ சைடிங்.